கோந்து ஒட்டிய நாலு டிஸ்க்

என் வீட்டுக்காரருக்கு எங்கள் லேபில் ‘கோந்து’ என்று பெயர். வைத்தது என் அண்ணன். முகத்துக்கு நேராக யாரும் கூப்பிடமாட்டார்கள், ஆனால் அவருக்குத் தெரியும். தெரிந்தும் கோபித்துக்கொண்டதில்லை. பொருத்தமான பெயருக்குக் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது?

எதைக் கண்டாலும் இன்னொன்றோடு சேர்த்து ஒட்டவேண்டும் அவருக்கு. தேய்ந்து இலை மாதிரி ஆன சோப்பைப் புது சோப்பின் முதுகில் ஒட்டுவார். அது பாதிக் குளியலில் கழன்று காலடியில் விழும். நான் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டால் அதையும் ஒட்டிவிடலாம் என்று நினைப்போ என்னவோ. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜை உண்மையில் இரண்டு மேஜைகள். ஒன்று மற்றதைவிட அரை விரல் உயரம். நடுவில் டம்ளரை வைத்தால் சாய்ந்துதான் நிற்கும். இரண்டு செத்த குடைகளிலிருந்து ஒரு குடை பிறந்தது, அதற்கு ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் நீலம். அதைப் பிடித்துக்கொண்டு தெருவில் போகும்போது நான் நாலு அடி பின்னால்தான் நடப்பேன்.

முன்பு சொந்தமாகக் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தார். கடை ஓடவில்லை. பழுது பார்க்க வந்தவர்களிடம் “இதுக்குப் புதுசு எதுக்குங்க, நானே சரி பண்ணித் தரேன்” என்று சொல்லிச் சொல்லியே கடையை மூடினார். அண்ணன்தான் “சும்மா வீட்ல உக்காந்து என்ன பண்ணப்போறீங்க மாப்ள, நம்ம லேபுக்கு வாங்க” என்று கூப்பிட்டார். மச்சான் கடையில் வேலைக்குப் போவது இவருக்கு உள்ளுக்குள் சுருக்கென்றுதான் இருந்தது. என்னிடம் சொல்லவில்லை. ஆனால் முதல் நாள் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டு வாசலிலேயே ரொம்ப நேரம் நின்றார்.

லேப் என்றால் பல் செட் செய்கிற இடம். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் பசை வைத்து அச்சு எடுத்து அனுப்புவார்கள். அதில் பிளாஸ்டர் ஊற்றி, காய்ந்ததும் எடுத்தால் மேல்தாடை, கீழ்த்தாடை அப்படியே வரும். அதை வைத்துத்தான் செட் செய்வோம். பிளாஸ்டர் ஊற்றுவதும், ஓரங்களை மெஷினில் சீவி எடுப்பதும் பிளாஸ்டர் அக்காவின் வேலை. ஒல்லியான உடம்பு, கை மட்டும் ஆம்பளைக் கை. முழங்கை வரை வெள்ளை படிந்தே இருக்கும். பல்லின் நிறத்தைப் பொருத்திப் பார்ப்பது என் வேலை. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே அறை, எதிரெதிர் மேஜை. அதே அறையின் மூலையில்தான் இவருடைய கம்ப்யூட்டர் பெட்டியும்.

அண்ணன் ஒரு ஸ்கேனர் வாங்கினார். அன்றிலிருந்து பிளாஸ்டர் தாடையைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்து கம்ப்யூட்டரில் வைக்க ஆரம்பித்தோம். செட் உடைந்துபோனது என்று யாராவது வந்தால் மறுபடி வாயைத் திறக்கச் சொல்ல வேண்டாம், படத்தைப் பார்த்தே செய்துவிடலாம். நல்ல விஷயம்தான். ஆனால் ஒரு தாடை பிடிக்கிற இடம் கொஞ்சநஞ்சமில்லை. டிஸ்க் நிரம்பிவிட்டது. அண்ணன் பெரிய டிஸ்க் ஒன்று வாங்கிவிடலாம் என்றார்.

“எதுக்கு மச்சான்? என்கிட்ட நாலு சின்ன டிஸ்க் சும்மா கிடக்கு. சேர்த்து ஒண்ணாக்கிடறேன்” என்றார் இவர்.

கோந்துக்கு அதைவிட என்ன சந்தோஷம் வேண்டும்? அன்று சாயங்காலம் முழுக்க எனக்கு விளக்கம்தான். ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குள்ளேயே இதற்கென்று ஒரு டிரைவர் இருக்கிறதாம். அது நாலு டிஸ்க்கையும் வரிசையாகப் பிடித்துக்கொண்டு, கேட்பவர்களிடம் “இங்கே ஒரே ஒரு பெரிய டிஸ்க்தான் இருக்கு” என்று சத்தியம் செய்யுமாம். முதல் டிஸ்க் நிரம்பினால் இரண்டாவதில் எழுதும், பிறகு மூன்றாவது, பிறகு நாலாவது.

“எது முதல், எது ரெண்டாவதுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டேன்.

“மாட்டியிருக்கற இடத்தை வச்சுத்தான். டிஸ்க்கோட மூஞ்சியெல்லாம் அது பாக்காது. பழைய டிரைவர், கொஞ்சம் மந்தம். இடத்தை மாத்தி மாட்டினா அப்படியே மாத்திப் படிக்கும்.”

“ஒரு டிஸ்க் கெட்டுப்போச்சுன்னா?”

“எல்லாமே போகும்” என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்து, “போகாது” என்றார்.

பெட்டிக்குள் மேலே இரண்டு இடம், கீழே இரண்டு இடம். நாலு டிஸ்க்கிலும் ஒட்டுத்தாளில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எழுதி, மேலே ஒன்று, இரண்டு, கீழே மூன்று, நான்கு என்று இடமிருந்து வலமாக மாட்டினார். நாம் எழுதுகிற வரிசை. மறுநாள் திரையில் ஒரே டிஸ்க்காகக் காட்டியது. அண்ணன் முதுகில் தட்டினார். இவர் அன்று தரையில் கால் பாவாமல் திரிந்தார்.

அந்தத் தலைக்கனத்தில்தான் அடுத்த காரியத்தைச் செய்தார். லேபின் நீளச் சுவர் முழுக்க அலமாரி, அலமாரி முழுக்கப் பழைய பிளாஸ்டர் தாடைகள். “எல்லாம் டிஸ்க்ல இருக்கு மச்சான். இதை வச்சுக்கிட்டு எதுக்கு இடத்தை அடைக்கணும்?” என்றார். அண்ணனுக்கும் புது மெஷின் போட இடம் தேவையாக இருந்தது. பிளாஸ்டர் அக்காவுக்குத்தான் மனசே வரவில்லை.

“அத்தனையும் உடைக்கணுமா தம்பி? ஒவ்வொண்ணும் நான் ஊத்தினது.”

“உடையறது பிளாஸ்டர்தான் அக்கா. தாடை பத்திரமா இருக்கு, நான் பொறுப்பு” என்றார் இவர்.

நான் பொறுப்பு. அந்த வார்த்தையை நான் என் காதால் கேட்டேன். தாடைகளை உடைத்து, பின்கட்டில் மழைத் தண்ணீர் தேங்குகிற பள்ளத்தில் கொட்டினார்கள். அதற்கப்புறம் புதுத் தாடைகளையும் ஸ்கேன் ஆனதும் அங்கேயே உடைத்துக் கொட்டினோம், கை கழுவப் போகும்போதெல்லாம் பல்லின் மேல்தான் நடந்தோம்.

வருஷங்கள் போயின. இவர் லேப் ஆளாகவே மாறிவிட்டார். மெழுகில் பல் அடுக்கக் கற்றுக்கொண்டார். எங்கள் தொழிலில் வாயை நாலு பகுதியாகப் பிரிப்போம். நோயாளியை எதிரில் உட்காரவைத்துப் பார்த்தால், மேலே இடது பக்கம் ஒன்று, மேலே வலது பக்கம் இரண்டு. அதன் நேர் கீழே மூன்று, பிறகு சுற்றி வந்து ஒன்றுக்கு நேர் கீழே நான்கு. வட்டமாகப் போகும். பல் வேலை செய்கிற யாரும் மூளையைக் கேட்பதில்லை, கை தானாகவே அந்த வட்டத்தில் போகும். வீட்டில் நாலு தட்டு வைக்கச் சொன்னால்கூட இவர் அப்படித்தான் சுற்றி வைப்பார். “சாப்பாட்டு மேஜைக்குமா வாய் வைக்கணும்?” என்று கிண்டல் செய்வேன்.

அன்று காலை பிளாஸ்டர் அக்கா சீவுகிற மெஷினின் பிளக்கை மாட்டினார். பட்டென்று சத்தம், அறை முழுக்கக் கரண்ட் போனது. அது ஒன்றும் அதிசயமில்லை. சுவரில் மாட்டியிருந்த எக்ஸ்டென்ஷன் பெட்டியே இவர் இரண்டு வயரை ஒட்டிச் செய்ததுதான். அண்ணன் ஃபியூஸைப் பார்க்கப் போனார். கம்ப்யூட்டரும் அணைந்துதான் இருக்கிறது, உள்ளே படிந்த பிளாஸ்டர் தூசியைத் துடைத்துவிடலாம் என்று இவர் பெட்டியைத் திறந்தார். நாலு டிஸ்க்கையும் கழற்றி, பிரஷ்ஷால் தட்டி, திரும்ப மாட்டினார். கை தானாகவே வட்டத்தில் போனது. மேலே ஒன்று, இரண்டு. இரண்டுக்குக் கீழே மூன்று. ஒன்றுக்குக் கீழே நான்கு.

ஃபியூஸ் போட்டுத் திரும்பிய அண்ணன் எட்டிப்பார்த்தார். “அட, மாப்ள வாய் மாதிரியே வரிசையா மாட்டிட்டாரே! இப்பதான் நம்ம தொழிலுக்கே வந்தாரு” என்றார்.

அண்ணன் யாரையும் லேசில் பாராட்டுகிறவர் இல்லை. இவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே, புது மாப்பிள்ளை மாதிரி சிவந்துபோனது. அந்தப் பூரிப்பில் மூடியைப் போட்டுத் திருகாணியையும் முடுக்கிவிட்டார்.

கம்ப்யூட்டருக்கு உயிர் வந்தது. பெயர்களெல்லாம் ஒழுங்காகத் தெரிந்தன, ஏனென்றால் முதல் இரண்டு டிஸ்க் சரியான இடத்தில்தான் இருந்தன. ஆனால் பின்பாதியில் சில இடங்கள் பொருந்தவில்லை, சரிசெய்யட்டுமா என்று திரை கேட்டது. கோந்திடம் போய் ஒட்டட்டுமா என்று கேட்டால் வேறு என்ன சொல்வார்? ஆமாம் என்றார். மறுபடி கேட்டது, ஆமாம். திரும்பத் திரும்பக் கேட்கவும் சலித்துப்போய், எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டார். அந்த மந்த டிரைவர் நாலாவது டிஸ்க்கை மூன்றாவது என்று நம்பி, அதன் மேல் தன் இஷ்டத்துக்கு எழுதித் தள்ளியது. முடிந்ததும் ஒரு தாடையைத் திறந்தார். பாதித் தாடை ஒழுங்காக வந்தது, மீதி மணலைத் தூவினாற்போல இருந்தது. இன்னொன்றைத் திறந்தார். அதுவும் அப்படித்தான். சமீப வருஷங்களில் எடுத்தது எதுவும் மிஞ்சவில்லை.

“என்ன ஆச்சு மாப்ள?” என்றார் அண்ணன்.

இவர் வாய் திறப்பதற்குள் பிளாஸ்டர் அக்கா சொல்லிவிட்டார். “நான்தான் பிளக்க மாட்டினேன். நான் மாட்டினதும்தான் கரண்ட் போச்சு.” சொல்லும்போதே அவர் முகத்தில் ஈயாடவில்லை.

எல்லோரும் இவரைப் பார்த்தோம். இவர் திரையைப் பார்த்துக்கொண்டே, “கரண்ட் சட்டுன்னு போனா… இப்படி ஆக வாய்ப்பிருக்கு” என்றார்.

பொய் என்று சொல்லமுடியாது. எங்கேயாவது, யாருக்காவது அப்படி ஆகியிருக்கும். அது பொய்யைவிடக் கேவலம் என்பது என் கட்சி. பொய் சொல்கிறவனுக்காவது தான் பொய் சொல்கிறோம் என்று தெரியும். பின்னால்தான் எனக்குத் தெரிந்தது, அன்று சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் வெளியே போனபிறகு பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறார். ஒன்றுக்குக் கீழே நான்கு. புரிந்துவிட்டது. சத்தமில்லாமல் மூன்றையும் நான்கையும் இடம் மாற்றிவைத்து மூடிவிட்டார். அதனால் போன தாடை திரும்பவில்லை. வெளியே தெரியாமல் போனது, அவ்வளவுதான்.

அண்ணன் ஒவ்வொரு டாக்டரிடமும் போனில் கெஞ்சினார். பழைய நோயாளிகள் மறுபடி வந்து வாயைத் திறந்து, பசையைக் கடித்துக்கொண்டு, குமட்டக் குமட்ட உட்கார்ந்தார்கள். ஒரு பெரியவர் வாயில் பசையோடு அண்ணனைப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு மறக்கவில்லை. அண்ணன் பிளாஸ்டர் அக்காவைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. எல்லோர் முன்னாலும், “இனிமே அக்கா எந்த பிளக்கையும் தொட வேண்டாம்” என்றார். என்னிடம் தனியாக, “பாவம்தான், ஆனா வேற ஆள் பார்த்துக்கலாம்னு இருக்கேன். டாக்டருங்க கேக்கறாங்க” என்றார்.

அக்கா தன் ஸ்டூலைச் சுவர்ப்பக்கத்திலிருந்து நகர்த்தி, ஸ்விட்சுக்கு எட்டாத தூரத்தில் போட்டுக்கொண்டார். மெஷின் சீவவேண்டிய பிளாஸ்டரைக் கத்தியால் சுரண்ட ஆரம்பித்தார். நாள் முழுக்க எதிர்மேஜையிலிருந்து அந்தக் கரகரச் சத்தம். உள்ளங்கையில் கொப்புளம் வந்து, அது உடைந்து, அதன்மேல் துணியைச் சுற்றிக்கொண்டு சுரண்டினார். “மெஷினைப் போடுங்கக்கா, யாரு என்ன சொல்லப்போறா” என்றேன். “வேணாம்மா. என் கை ராசி அப்படி” என்றார்.

வீட்டில் இவர் ஒட்டுவதை நிறுத்திவிட்டார். சோப்புத் துண்டுகள் குளியலறை ஓரத்தில் சேர்ந்துகொண்டே போயின. கைப்பிடி உடைந்த கப் அப்படியே மேஜையில் கிடந்தது. நான் இத்தனை வருஷமாக எதை நிறுத்தச் சொல்லிக் கரடியாகக் கத்தினேனோ அது நின்றுவிட்டது, நானோ அந்தக் கப்பை அவர் கண்ணில் படும்படி நகர்த்தி நகர்த்தி வைத்தேன். தட்டு வைக்கச் சொன்னால் நாலு தட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகவே வைத்துவிட்டுப் போனார்.

ஒரு சாயங்காலம் பிடித்து உட்காரவைத்துக் கேட்டேன். முதலில் ஒன்றுமில்லை என்றார். பிறகு தலையைத் தூக்காமலே எல்லாவற்றையும் சொன்னார்.

எனக்கு வந்த கோபம்! “லேபுக்கு வர்றவங்க அத்தனை பேரும் வாயைத் திறக்கறாங்க. நீங்க ஒருத்தர் திறக்கலையே!”

“உங்க அண்ணன் முன்னாடி எப்படிச் சொல்வேன்? வாழ்க்கையில ஒரே ஒரு தடவை என்னை நல்லதாச் சொன்னாரு. அதே நேரத்துலதான் நான் கெடுத்தேன்.”

“அக்கா கையப் பாத்தீங்களா?”

“பாக்காம? அந்தச் சத்தம் வீட்டுக்கு வந்தாலும் கேக்குது. தினமும் சொல்லிடலாம்னுதான் போறேன். அவங்க என்னைப் பாத்து ‘தம்பி, டிஸ்க் சரியாயிடுமா’ன்னு கேக்கறாங்க. நாக்கு ஒட்டிக்குது.”

வெட்கமாக இருந்தது எனக்கு. இவரை நினைத்து மட்டுமில்லை. என் வீட்டுக்காரர் என் அண்ணன் முன்னால் குனிந்து நிற்பதை எப்படிப் பார்ப்பது என்று என் மனசும் ஒரு நிமிஷம் கணக்குப் போட்டது. அந்த ஒரு நிமிஷத்துக்கு அக்காவின் கை என் ஞாபகத்தில் இல்லை. பிறகு சொன்னேன், “நாளைக்குச் சொல்லலைன்னா நான் சொல்லிடுவேன். அது உங்களுக்கு இன்னும் கேவலம்.”

மறுநாள் எல்லோரும் சாப்பிட்டு வந்து உட்கார்ந்த நேரம். இவர் அக்காவின் மேஜை முன்னால் போய் நின்றார். மேஜையில் இருந்த நாலு காலி பிளாஸ்டர்க் கிண்ணங்களை எடுத்து, மேலே இரண்டு, கீழே இரண்டாக வைத்தார்.

“மச்சான், நீங்களும் வாங்க” என்றார். “அக்கா, உங்க பிளக்கால ஒண்ணும் ஆகல. இது ஒண்ணு, ரெண்டு. கீழ மூணு, நாலு. இப்படித்தான் இருக்கணும். நான் தூசி துடைச்சுட்டு மாட்டறப்ப…” கீழே இருந்த இரண்டு கிண்ணங்களையும் இடம் மாற்றினார். “இப்படி மாட்டிட்டேன். வாய் மாதிரி. அது தெரியாம சரிபண்ணுன்னும் நானே சொன்னேன். எல்லாத்தையும் அழிச்சது நான்தான். அன்னைக்கே தெரியும். தெரிஞ்சே சும்மா இருந்தேன்.”

அண்ணன் கிண்ணங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். “நான் பாத்தேனே மாப்ள” என்றார் மெதுவாக. “நல்லா இருக்குன்னு வேற சொன்னேனே.” எப்போதும் சத்தம் போடுகிற மனிதர் அன்று அப்படித் தாழ்ந்த குரலில் பேசியது இவரை இன்னும் குறுக்கிவிட்டது.

அக்கா திட்டுவார், அழுவார், கத்தியைத் தூக்கி எறிவார் என்று நான் நினைத்தேன். இவரும் அதற்குத்தான் தயாராக நின்றார். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம், கொஞ்சம் பாரம் இறங்கும்.

அக்கா கேட்டார், “அப்ப என் பிளக் இல்லையா?”

“இல்லக்கா.”

“நான் மாட்டினதால இல்லையே? நிஜமாத்தான் சொல்றியா?”

“நிஜமாக்கா.”

“நான் இல்ல” என்று என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார். முகமெல்லாம் சிரிப்பு, கண்ணெல்லாம் தண்ணீர். பிளாஸ்டர் கையாலேயே துடைத்துக்கொண்டார், கன்னமெல்லாம் வெள்ளையாகிவிட்டது. “பாத்தியாம்மா, நான் இல்லையாம்.”

பிறகு கையில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துக்கொண்டே, யாரோ மறந்துபோன சின்ன விஷயத்தைச் சொல்வதுபோலச் சொன்னார். “அன்னைக்கே சொல்லியிருந்தா மெஷின்லயே போட்டிருப்பேனே தம்பி.”

குறை சொல்லும் குரல் இல்லை அது. அதுதான் இவரைக் கொன்றது. அக்கா எழுந்து மெஷினின் பிளக்கை எடுத்தார். சுவர்ப்பக்கம் போனார். அங்கே போய் நின்றுவிட்டார்.

“போடலாமா தம்பி?” என்று கேட்டார்.

“போடுங்கக்கா.”

போடவில்லை. பிளக்கைப் பிடித்த கை முன்னே போவதும் பின்னே வருவதுமாக இருந்தது. கடைசியில் அதை இவரிடம் நீட்டினார். “நீயே போட்டுடு. எனக்கு இன்னும் பயமா இருக்கு.”

இவர் வாங்கி மாட்டி ஸ்விட்சைப் போட்டார். மெஷின் ஓட ஆரம்பித்தது. அக்கா ஸ்டூலைப் பழைய இடத்துக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு தாடையை வைத்துச் சீவத் தொடங்கினார். நான் நிறம் பார்க்கிற பல்லைக் கையில் வைத்துக்கொண்டு இவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் தாடை முடிந்து அக்கா அடுத்ததை எடுக்கிறவரை, இவர் எங்கள் பக்கம் திரும்பமுடியாமல், ஸ்விட்சில் வைத்த கையை எடுக்காமல், சுவரைப் பார்த்தபடியே நின்றுகொண்டிருந்தார்.